உட்கார ஓர் இடம்: முழுமைத் திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டத்தை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வல்லுநர்களுக்கும், கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. மேம்பாலம், சுரங்கப்பாதை, இன்னொரு துணை நகரம் இதெல்லாம் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது உட்கார ஓர் இடம். தெருவில், நிழலில், காசு கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல், பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போக ஓர் இடம்.

சிரிக்காதீர்கள். 2027-லிருந்து 2046 வரைக்குமான ஊரை நீங்கள் இப்போது எழுதுகிறீர்கள். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதற்குள் வேலைக்குப் போயிருப்பாள், எனக்கு எழுபது நெருங்கியிருக்கும். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பரப்பு 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிந்து அரக்கோணம் பக்கம் வரைக்கும் போய்விட்டது. அவ்வளவு பெரிய வரைபடத்தில் ஒரு பெஞ்சு புள்ளியாகக்கூடத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். வரைபடத்தில் தெரியாததால்தான் இந்தக் கடிதமே.

என் அம்மாவுக்கு 72 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. "நடக்கணும்மா, நடுநடுவே உட்கார்ந்துக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பாதி அம்மாவின் கையில் இருக்கிறது. இரண்டாவது பாதி? எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்கு 600 மீட்டர், போகிற வழியிலேயே வங்கி. அந்த 600 மீட்டரில் உட்கார என்று யாரும் எதுவும் போட்டு வைக்கவில்லை. அம்மாவாகக் கண்டுபிடித்துக்கொண்டதுதான். முதலில் மருந்துக்கடை வாசற்படி. அதற்குக் கிரானைட் போட்டார்கள், போட்ட கையோடு ஓரத்தில் கம்பி முள்ளும் வைத்துவிட்டார்கள், புறாவுக்கு வைக்கிற மாதிரி. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துச் சிமெண்ட் மேடை. அதில் உட்கார்ந்திருந்ததை ஒருநாள் நான் பார்த்துவிட்டு நடுத்தெருவில் சண்டை போட்டேன். அதற்கும் அப்புறம்தான் டெய்லர் கடை.

அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டுக்கு எட்டு இருக்கும். வெளியே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் நொண்டி, அதற்கு அடியில் மடித்த அட்டை. அம்மா தூரத்தில் வருவதைப் பார்த்தாலே டெய்லர் அண்ணன் ஸ்டூலை நிழல் பக்கம் காலால் தள்ளி வைப்பார். அம்மா உட்காருவார், தண்ணீர் குடிப்பார். பத்து நிமிடம் என்று பெயர், அரைமணி ஆகும். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்தத் தெருவில் கழிவுநீர் அடைத்திருக்கிறது, நம்ம வட்டத்து ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா, எல்லாம் அந்த ஸ்டூலுக்கு வந்து சேரும். ஜாக்கெட் பிரிக்க வந்த பெண்ணோடு பேசிப் பேசி அவள் மகளுக்கு அம்மா கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்குப் போயிற்று. அந்த ஸ்டூல் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

போன வருடம் அந்தக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். தரைத்தளம் முழுக்கக் கார், முன்னால் கேட், கேட்டுக்குள் வாட்ச்மேன். வாட்ச்மேன் தாத்தா ஒருநாள் தன் நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார், மறுநாள் அவருக்குத் திட்டு விழுந்ததாம். அதோடு அம்மா அந்தப் பக்கம் நின்று பார்ப்பதையே விட்டுவிட்டார். இப்போது அந்த 600 மீட்டருக்கு ஆட்டோ, இல்லையென்றால் "நீயே போய்ட்டு வந்துடுப்பா". அடுத்த தெருவரை நடந்துகொண்டிருந்தவர் இப்போது சமையலறையிலிருந்து பால்கனி வரை நடக்கிறார்.

கார்பன், காற்று மாசு, நிலைத்த வளர்ச்சி என்றெல்லாம் அறிக்கைகளில் நீங்கள் எழுதும்போது இந்த 600 மீட்டர் ஆட்டோவையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெஞ்சு இல்லாததால் ஓடுகிற ஆட்டோ அது. தினமும் எத்தனை தெருவில் எத்தனை ஆட்டோ இப்படி ஓடுகிறது என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

உடனே ஒருவர் "அந்தக் காலத்துல திண்ணை இருந்துச்சு சார்" என்று ஆரம்பிப்பார். இருந்தது. வழிப்போக்கன் படுத்தான், பிள்ளைகள் படித்தார்கள், வெயிலுக்கு ஒதுங்கினார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதற்கு எழுதாத ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் பேர் இல்லாதவர்கள் திண்ணைக்கு முன்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். டீக்கடை பெஞ்சிலும் அப்படித்தான், தனி டம்ளரோடு தனி இடமும் இருந்தது. பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த ஊரில் உட்காருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். அதனால் நான் திண்ணைக்குப் பெருமூச்சு விடும் ஆள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டுக்காரருக்குக் கடமைப்படுகிறோம். அம்மாவின் ஸ்டூலும் டெய்லர் அண்ணனின் நல்ல மனதுதான், கடை போனதும் அதுவும் போய்விட்டது. அரசாங்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் அந்தப் பிரச்சினை இல்லை, அது யாருடைய தயவும் கிடையாது.

பழசில் எனக்குப் பிடித்தது சுமைதாங்கிதான். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் இன்னொருவர் கைபிடிக்காமலே சுமையை அதில் இறக்கலாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உயரம் அதற்கென்றே பார்த்து வைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது பல ஊர்களில் வழக்கம். சுமக்கிறவர் தோள் எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துச் செய்த பொருள். இப்போது நம் பேருந்து நிறுத்தத்தில் போடுகிற இருக்கையைப் பாருங்கள். எவர்சில்வர் குழாய் இரண்டு மூன்று, அதுவும் முன்பக்கம் சரிவாக. உட்கார்ந்தால் வழுக்குகிறது, மே மாதம் மத்தியானம் உட்கார்ந்தால் பழுக்கக் காய்ச்சியது போலச் சுடுகிறது, காலை ஊன்றித் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதை வரைந்தவர் அதில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்பதுதான் என் சந்தேகம்.

பேருந்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். இந்த ஊருக்கு நடந்த நல்ல விஷயங்களில் ஒன்று அது. வேலைக்கு மட்டும் போய் வந்த பெண்கள் அக்கா வீட்டுக்கும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் கிளம்பினார்கள். 2024-லிருந்து தாழ்தளப் பேருந்தும் ஓடுகிறது, சக்கர நாற்காலியோடு ஏறலாம். வண்டிக்குள் இவ்வளவு மாறியிருக்கிறது, நிறுத்தத்துக்கு வாருங்கள். அந்த இலவச ஒயிட் போர்டு வண்டிக்காக அரைமணி நேரம் நிற்கிற பெண் எதில் சாய்ந்து நிற்கிறாள்? விளம்பரப் பலகையின் கம்பத்தில். தாழ்தளப் பேருந்தில் ஏற வேண்டியவர் அந்த நிறுத்தம் வரைக்கும் எதன்மேல் உருண்டு வருவார்? நடைபாதையில் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிமுறை 2012-லேயே சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் பிளாட்பாரம் முழங்கால் உயரம். மாடிப்படிக்காவது அடுத்த படி என்று ஒன்று இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது.

சரி, பூங்கா இருக்கிறதே என்பீர்கள். எங்கள் வட்டாரத்திலும் ஒன்று உண்டு, யார் பராமரிப்பில் என்பது இங்கே வேண்டாம். பத்து மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் திறப்பார்கள். வெயிலில் நிழல் தேவைப்படுகிற நேரத்துக்குச் சரியாகப் பூட்டு. கேட்டில் ஒரு பலகை, அதில் பதினோரு தடைகள், எண்ணினேன். பந்து விளையாடக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, கூட்டமாக நிற்கக் கூடாது. கூட்டமாக நிற்காமல் பூங்காவில் வேறு என்ன செய்வது? எட்டு போட்டு நடக்கலாம். எல்லோரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு எட்டு போடுகிறார்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் தியாகராயர் சாலையைத் திருத்தி அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்களே, அதில் எதுவுமே வாங்காமல் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறேன். என் பக்கத்தில் ஒரு தாத்தா, அவருக்கு அந்தப் பக்கம் நகைக்கடையில் வேலை முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்கள். துணி வாங்க வந்த பணக்காரக் குடும்பமும் அவர்களும் ஒரே பெஞ்சில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். வாங்கிய பொருளின் விலையை அந்தத் தாத்தா விசாரித்தார், "ஏமாந்துட்டீங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். இதைத்தானே நீங்கள் அறிக்கையில் சமூக ஊடாட்டம் என்று எழுதுகிறீர்கள்? ஒரு குறை மட்டும். அதே தெருவில் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகளை அதற்கு முன்பே ஒரு கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். தெருவில் நடக்க இடம் கிடைத்தது, நடக்கும்போது நின்று பேரம் பேசுகிற சுகம் பாதி போயிற்று. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. அவர்களிடம் கேட்டு வரைந்தால் பூக்கூடைக்கும் பெஞ்சுக்கும் சேர்த்தே இடம் கண்டுபிடித்துவிடுவார்கள், உங்களைவிடவும் என்னைவிடவும் அந்தத் தெருவின் நிழல் மணிக்கு மணி எங்கே நகரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்து, அலையைப் பக்கத்தில் பார்க்காமலே வயதானவர்கள் அன்றைக்கு அலைக்குப் பக்கத்தில் போனார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. திரும்பச் சரிசெய்தார்கள். எனக்கு அந்தத் திரும்பச் சரிசெய்ததுதான் முக்கியமாகப் படுகிறது. திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள், பெயர்ந்த பலகைக்கு ஆணி அடிக்கத்தான் ஆள் வேண்டும், அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும். 2025-ல் அண்ணா நகரில் உணவு, பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்குக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது மாநகராட்சி. பைக் சீட்டிலேயே சாப்பிட்டு, பைக் சீட்டிலேயே தூங்குகிற பையன்களுக்கு உட்கார இடம் தேவை என்று யாரோ ஒருவர் அலுவலகத்தில் யோசித்திருக்கிறார். அவரை இந்த முழுமைத் திட்டத்துக்கு அனுப்பி வையுங்கள்.

இனி பெரும்பாக்கத்துக்கு வருகிறேன். கூவம், அடையாறு கரையிலிருந்து எடுத்த குடும்பங்களைக் கொண்டுபோய் எட்டு மாடிக் கட்டடங்களில் வைத்த இடம். இதே மாதிரி குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகர், செம்மஞ்சேரிக்கு அடுத்தது. ஆற்றங்கரைக் குடிசையில் வெள்ளம் வந்தது, பாம்பு வந்தது, அது சொர்க்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே வாசலே தெரு. மீன் கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், கிழவி ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருந்தால் தெருவுக்கே காவல். ஏழாவது மாடியில் கதவைத் திறந்தால் இருட்டு வராந்தா. லிஃப்ட் நின்றுபோன நாளில் கிழவி கீழே வருவதில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மா வேலைக்குப் போவதில்லை. வீடு கொடுத்தார்கள், வாசலை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் 2046 வரை எத்தனை ஆயிரம் வீடு கட்டச் சொல்லி எழுதினாலும், இரண்டு மாடிக்கு ஒரு இடத்திலாவது வெளிச்சமும் காற்றும் வருகிற, நாலு பேர் முறுக்கு பிழிந்துகொண்டே பேச முடிகிற ஒரு முற்றம் இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். அப்புறம் அதைக் கட்டுகிறவர் சதுர அடிக் கணக்கு காட்டி வெட்டப் பார்ப்பார், விடாதீர்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் நான் பெஞ்சு என்று வாயைத் திறந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னது: "குடிகாரன் வந்து படுப்பான்." அடுத்து ஒரு அம்மா, "காலேஜ் பசங்க ஜோடியா வந்து உட்காருவாங்க." குடிகாரன் இப்போதும் எங்கள் தெருவில்தான் படுக்கிறான், தரையில். பெஞ்சு இல்லாததால் அவன் குடியை விட்டதாகத் தெரியவில்லை, என் அம்மா நடையை விட்டதுதான் மிச்சம். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், விளக்கில்லாத சுவரோரம் பெஞ்சு போட்டால் அவர்கள் பயப்படுவது நடக்கத்தான் நடக்கும். பூக்கார அம்மாவுக்கு எதிரே, டீக்கடைக்குப் பக்கத்தில், தெருவிளக்குக்குக் கீழே போட்டுப் பாருங்கள். வீடில்லாமல் படுப்பவர் இருந்தால் அவருக்கு வேண்டியது காப்பகம், நம் பெஞ்சில் கம்பி முள் வைத்தால் அவருக்கு வீடு வந்துவிடாது. ஜோடியாக உட்காருகிற பிள்ளைகளைப் பற்றி நான் என்ன சொல்ல, உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே. அந்த அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பெஞ்சில் இருந்தால் அந்தப் பிள்ளைகள் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள்.

உங்களிடம் நிலம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெரிய மனைகளில் கட்டடம் கட்டும்போது பொதுத் திறந்தவெளிக்கென்று பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஓ.எஸ்.ஆர். நிலம் என்றால் பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கைக்கு வந்த துண்டு நிலங்கள் எத்தனை இடத்தில் முள்வேலியும் பலகையுமாக, அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று பயமுறுத்திக்கொண்டு புதர் மண்டிக் கிடக்கின்றன என்பதை ஒரு பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். வேலியை எடுத்துவிட்டு ஒரு புங்கை, ஒரு பூவரசு வையுங்கள், கீழே இரண்டு பெஞ்சு. மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி வேரின் மூச்சை அடைத்துவிடாதீர்கள், 2016-ல் வர்தா புயல் வந்தபோது இந்த ஊரில் எத்தனை மரம் வேரோடு சாய்ந்தது என்று பார்த்தவர்கள் நாம். பெஞ்சில் முதுகு சாயப் பலகையும், எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க ஓர் இடம் காலியாக விடுங்கள், அப்போதுதான் அவரும் வரிசையில் ஒருவராக இருப்பார். கட்சிப் பெயர் வேண்டாம். உபயம் என்று யாராவது எழுதிக்கொண்டால் எழுதிக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சுமைதாங்கியும் யாரோ ஒருவர் நினைவாக வைத்ததுதான்.

அம்மாவுக்கு மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஊன்றுகோலாகவும் ஆகும், விரித்தால் உட்காரலாம். அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போற இடத்துக்கெல்லாம் வீட்டை முதுகுல கட்டிக்கிட்டுப் போகச் சொல்றியா" என்று மூலையில் வைத்துவிட்டார். அது அங்கேயே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு போய் எங்கள் தெருவை அளந்தேன். டெய்லர் கடை இருந்த இடத்துக்கு எதிர்ப்புறம், புங்கை மரத்துக்கும் பழைய தபால்பெட்டிக்கும் நடுவே நடைபாதை 2 மீட்டர் 40 சென்டிமீட்டர் அகலம். பெஞ்சுக்கு 50 போனாலும் நடக்க 1.9 மிச்சம், உங்கள் விதிக்கு மேலேயே 10 சென்டிமீட்டர் இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நிழல் அங்கேதான் விழுகிறது, அதையும் பார்த்துவிட்டேன். ரேஷன் கடைக்கும் வீட்டுக்கும் ஏறக்குறைய சரிபாதி தூரம். நாலடி நீளம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவன்